முதல் இழப்பீட்டு விண்ணப்பம்: அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் படைகளில் பணியாற்றித் திரும்பிய ஒருவர், பணிக்காலத்தில் நேர்ந்த காயத்துக்காகவோ அப்போது தொடங்கிய நோய்க்காகவோ அந்நாட்டின் படைவீரர் நலத்துறையிடம் மாத இழப்பீடு கோரும்போது, அதன்மீது முடிவெடுக்கும் அலுவலர் அவரை ஒருமுறைகூட நேரில் பார்ப்பதில்லை. அந்த அலுவலரின் முன் இருப்பவை ஆவணங்கள் மட்டுமே. படியேறும்போது முழங்கால் மடங்கிவிடுவதும், நள்ளிரவில் வியர்த்து விழித்துக்கொள்வதும், காதுக்குள் ஓயாமல் ஒலிக்கும் இரைச்சலால் எதிரே இருப்பவரின் பேச்சுப் புரியாமல் போவதும் அந்த ஆவணங்களில் எழுதப்பட்டிருந்தால்தான் அவருக்குத் தெரியவரும். ஆகவே முதல் விண்ணப்பத்துக்குத் தயாராவது என்பது, நாம் அன்றாடம் அனுபவிக்கும் ஒன்றை, நம்மை அறியாத ஒருவர் படித்து நம்பக்கூடிய எழுத்தாக மாற்றும் வேலையாகும்.

படையில் இருந்தவர்களுக்கு இந்த வேலை மற்றவர்களைவிடக் கடினமானது. பயிற்சியின் முதல் நாள்களிலிருந்தே வலியை வெளியே காட்டாமல் விழுங்கப் பழகியவர்கள் அவர்கள். மருத்துவ முகாமுக்குப் போனால் அணிக்குப் பாரமாகிவிடுவோமோ என்று அஞ்சிப் போகாமல் இருந்தவர்கள் பலர். போனவர்களும் “இப்போது பரவாயில்லை” என்று சொல்லிவிட்டே திரும்பினார்கள். அந்தப் பழக்கம் விண்ணப்பத்திலும் தொடர்ந்தால், இழப்பு விண்ணப்பதாரருக்குத்தான். இந்த இழப்பீடு யாரும் இரங்கிக் கொடுக்கும் உதவி அன்று. சட்டம் வகுத்த உரிமை. வருமான வரம்பு கிடையாது, வேலையில் இருப்பவரும் பெறலாம், கூட்டாட்சி வருமான வரியும் இதற்கு இல்லை. தன்னைவிட மோசமாகக் காயப்பட்டவர்களுக்குச் சேரவேண்டியதைத் தான் எடுத்துக்கொள்வதாக எண்ணித் தயங்குபவர்களும் உண்டு. ஒருவருக்குக் கிடைப்பதால் இன்னொருவருக்குக் குறைவதில்லை என்பதை அவர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தேதியை உறுதிசெய்யுங்கள்

ஆவணங்களைத் தேடத் தொடங்கும் முன்பே செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு. விண்ணப்பிக்கப் போகிறேன் என்ற எண்ணத்தை மட்டும் துறைக்கு முன்கூட்டியே தெரிவிப்பது அது. இதற்கான படிவம் 21-0966, தொலைபேசியிலும் தெரிவிக்கலாம். துறையின் இணையதளத்தில் இழப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினாலே அந்தத் தேதி தானாகப் பதிவாகிவிடும். அன்றிலிருந்து ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தையும் அனுப்பினால், கோரிக்கை ஏற்கப்படும்போது இழப்பீடு பொதுவாக அந்த முந்தைய தேதியிலிருந்து கணக்கிடப்படும். சான்றுகளைத் திரட்ட எட்டு மாதம் பிடித்தாலும் அந்த எட்டு மாத நிலுவை கைவிட்டுப் போகாது. இதைச் செய்யாமல், எல்லாம் சேரட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பவர் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத இழப்பீட்டை இழக்கும் நிலையில் இருக்கிறார். ஓராண்டு கடந்தால் அந்தத் தேதி காலாவதியாகிவிடும் என்பதையும் நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அண்மையில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு சலுகை உண்டு. விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், இழப்பீட்டின் தொடக்கத் தேதி விடுவிப்புக்கு மறுநாளாகவே அமையக்கூடும். இன்னும் பணியில் இருப்பவர்கள், விடுவிக்கப்படுவதற்கு 180 நாள்கள் முதல் 90 நாள்கள் வரை இருக்கும் இடைவெளியில் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் திட்டத்தைப் பயன்படுத்தலாம். பரிசோதனைகள் பணிக்காலத்திலேயே முடிந்துவிடும் என்பதாலும், மருத்துவப் பதிவுகள் அப்போது கையெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதாலும், வாய்ப்புள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து.

நிறுவவேண்டிய மூன்று செய்திகள்

ஏறத்தாழ எல்லாக் கோரிக்கைகளும் மூன்று செய்திகளின்மீது நிற்கின்றன. இப்போது உங்களுக்கு ஒரு குறைபாடு இருக்கிறது என்பது முதலாவது. பணிக்காலத்தில் ஒரு காயமோ நோயோ நிகழ்வோ இருந்தது என்பது இரண்டாவது. முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பு இருக்கிறது என்பது மூன்றாவது. இதைத்தான் படைவீரர்கள் தங்கள் பேச்சில் நெக்ஸஸ் என்கிறார்கள். நிராகரிக்கப்பட்ட கடிதம் ஒன்றைப் படித்துப் பார்த்தால், இந்த மூன்றில் ஏதோ ஒன்று அறுபட்டிருப்பது பெரும்பாலும் தெரியவரும்.

பாராசூட் படையில் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிப்பின்போது தரையிறங்குகையில் இடது முழங்கால் திருகிக்கொண்டது. முகாம் மருத்துவர் வலி மாத்திரையும் சில நாள் ஓய்வும் எழுதிக்கொடுத்தார். அவர் மீண்டும் குதிக்கத் தொடங்கிவிட்டார். பதினைந்து ஆண்டு கழித்து அந்த முழங்காலில் மூட்டுத் தேய்மானம் இருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. முதல் செய்திக்கு எக்ஸ்ரே அறிக்கையும் மருத்துவரின் நோயறிதலும் போதும். இரண்டாவதற்கு முகாம் மருத்துவரின் அந்தப் பழைய சீட்டு போதும். இந்த இரண்டையும் இணைத்து அனுப்பிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. அந்தக் காலத்தில் கால்பந்து ஆடினாரா, கட்டட வேலை செய்தாரா, வயதால் வந்த தேய்மானமா என்ற கேள்விகளுக்கு விடையில்லாதபோது, தொடர்பு இல்லை என்று எழுதிவிடுவது, துறையின் சார்பில் அவரைச் சோதிக்கும் பரிசோதகருக்கு எளிது. விடுவிக்கப்பட்ட மறு ஆண்டே முழங்கால் வலிக்காக ஒரு தனியார் மருத்துவரைப் பார்த்த குறிப்பும், ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்தக் கால் வீங்குவதைக் கண்ட மனைவியின் எழுத்துமூல வாக்குமூலமும் இருந்தால் அந்த இடைவெளி நிரம்புகிறது.

தொடர்பை மறுக்கமுடியாத அளவுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு, இல்லாமலிருப்பதற்கான வாய்ப்புக்குக் குறையாமல் இருந்தால் போதும். சான்றுகள் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக நிற்கும்போது ஐயத்தின் பலன் படைவீரருக்கே சேரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குற்ற வழக்கில் கேட்கப்படும் உறுதியோடு ஒப்பிட்டால் இது மிகவும் தாழ்ந்த வாசல்படி. உங்கள் மருத்துவரிடம் கருத்துக் கடிதம் கேட்கும்போது இதை அவருக்கு விளக்குங்கள். ஏனென்றால் மருத்துவர்கள் “இருக்கலாம்”, “சாத்தியம் உண்டு” என்று எச்சரிக்கையோடு எழுதுவார்கள், அந்தச் சொற்களுக்கு இந்த நடைமுறையில் வலுவில்லை. “குறைந்தபட்சம் சம அளவு வாய்ப்பு உண்டு” என்ற கருத்தை அவர் உண்மையிலேயே கொண்டிருந்தால், அதை அவ்வாறே எழுதவேண்டும். உங்கள் பணிக்கால மருத்துவப் பதிவுகளைப் படித்துப் பார்த்ததாகக் குறிப்பிட்டு, தன் முடிவுக்கான காரணத்தையும் விளக்கவேண்டும். காரணம் இல்லாத ஒற்றை வரிக் கடிதம், எழுதியவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், அதிகம் எடைபெறாது.

பணிக்காலக் குறைபாடு ஒன்றால் பின்னாளில் இன்னொன்று வந்திருந்தால் அதையும் கோரலாம். இடது முழங்காலைக் காப்பாற்றுவதற்காக ஆண்டுக்கணக்கில் சாய்ந்து நடந்ததால் வலது இடுப்பு பாதிக்கப்பட்டிருந்தால், அந்த இடுப்பு துணைக் குறைபாடாகக் கருதப்படும். படையில் சேரும் முன்பே இருந்த கோளாறு, பணியால் அதன் இயல்பான போக்கைத் தாண்டி மோசமாகியிருந்தாலும் கோரிக்கைக்கு இடம் உண்டு.

தொடர்பை நிரூபிக்க வேண்டாத நோய்கள்

சில இடங்களில் சில காலங்களில் பணியாற்றியவர்களுக்கு வந்த குறிப்பிட்ட நோய்களைப் பணியால் வந்தவை என்று துறையே முன்கூட்டி ஏற்றுக்கொள்கிறது. அங்கே பணியாற்றியதையும் அந்த நோய் இருப்பதையும் காட்டினால் போதும். நெக்ஸஸ் கடிதம் தேவையில்லை. 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை வியட்நாமில் இருந்தவர்களின் இரண்டாம் வகை நீரிழிவு, இதயத் தமனி நோய், பார்க்கின்சன் நோய் ஆகியவை ஏஜென்ட் ஆரஞ்சு எனும் களைக்கொல்லியால் வந்தவையாக ஏற்கப்படுகின்றன. 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான பாக்ட் சட்டம் அந்தப் பட்டியலில் உயர் இரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. அதே சட்டம், 1990 ஆகஸ்ட் 2க்குப் பின் இராக், குவைத், சவூதி அரேபியா முதலிய நாடுகளிலும், 2001 செப்டம்பர் 11க்குப் பின் ஆப்கானிஸ்தான், சிரியா, ஜோர்டான் முதலிய நாடுகளிலும் பணியாற்றி, திறந்தவெளிக் குப்பை எரிப்புக் குழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்காகப் பல புற்றுநோய்களையும், பணிக்குப் பின் கண்டறியப்பட்ட ஆஸ்துமா, நாள்பட்ட சைனஸ் அழற்சி, நாள்பட்ட மூக்கழற்சி முதலியவற்றையும் இவ்வாறு ஏற்றது. வடக்குக் கரோலினாவின் கேம்ப் லெஜூன் முகாமில் 1953 ஆகஸ்ட் 1 முதல் 1987 டிசம்பர் 31 வரையிலான காலத்தில் குறைந்தது 30 நாள் இருந்தவர்களுக்கு, மாசடைந்த குடிநீர் தொடர்பான தனிப் பட்டியல் உண்டு. உங்கள் நோய் இந்தப் பட்டியல்கள் எதிலாவது இருக்கிறதா என்பதைத் துறையின் இணையதளத்தில் பார்த்த பிறகே மற்ற சான்றுகளுக்காக அலையுங்கள். இல்லாவிட்டால் தேவையற்ற கடிதங்களுக்குப் பணம் செலவழிக்க நேரும்.

ஆவணங்களைத் திரட்டுதல்

எல்லாவற்றுக்கும் அடிப்படை டிடி-214 எனப்படும் விடுவிப்புச் சான்று. பணியாற்றிய காலம், பெற்ற பதக்கங்கள், விடுவிப்பின் தன்மை ஆகியவை அதில் இருக்கும். விடுவிப்பு கௌரவமானதாக இல்லை என்றால் உரிமை பாதிக்கப்படலாம், ஆனாலும் துறை ஒவ்வொருவரின் நிலையையும் தனியாக ஆராய வாய்ப்புண்டு என்பதால், அந்த ஒரு காரணத்துக்காக விண்ணப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. அடுத்து வருபவை பணிக்கால மருத்துவப் பதிவுகளும் பணியாளர் கோப்பும். இவற்றின் பெரும்பகுதி செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் பொறுப்பில் இருக்கிறது. எஸ்எஃப்-180 படிவத்தின் மூலமோ இணையத்தின் மூலமோ கேட்கலாம். துறையே இவற்றை வரவழைக்கும் கடமை உடையது என்றாலும், ஒரு படியை நீங்களும் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். நாற்பது பக்கத்துக்கு நடுவே எங்கோ ஒரு மருத்துவ உதவியாளர் கையால் எழுதிய இரண்டு வரியை, அது எந்த நாளில் நடந்தது என்று அறிந்த நீங்கள்தான் எளிதில் கண்டுபிடிப்பீர்கள்.

1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் மூண்ட தீயில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரும், 1947க்கும் 1964க்கும் இடையே விமானப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினரும் இதனால் பாதிக்கப்பட்டார்கள். அவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. படைப்பிரிவின் அன்றாடப் பதிவேடுகள், உடன் பணியாற்றியோரின் வாக்குமூலம், அக்காலப் புகைப்படங்கள், வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவை மாற்றுச் சான்றுகளாக ஏற்கப்படும். தமிழ்க் குடும்பத்திலிருந்து படைக்குப் போனவர் தன் தாய்க்குத் தமிழிலேயே கடிதம் எழுதியிருக்கலாம். அதில் காயத்தைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் அது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட சான்று. மூலக் கடிதத்தின் படியோடு, மொழிபெயர்த்தவர் கையொப்பமிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த ஆவணத்துக்கும் மூலத்தை அனுப்பாதீர்கள்.

தனியார் மருத்துவர்களின் பதிவுகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. 21-4142 படிவத்தில் ஒப்புதல் கொடுத்தால் துறை அவற்றைக் கேட்டு வாங்கும். நீங்களே வாங்கி இணைக்கலாம். இரண்டாவது வழிதான் விரைவானது, எது போனது எது போகவில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

உங்கள் சொற்களில் எழுதவேண்டியது

விண்ணப்பத்தின் முதன்மைப் படிவமான 21-526 இ-இசட், நோயின் பெயரையும் அது தொடங்கிய காலத்தையும் காரணத்தையும் சில சொற்களில் கேட்கிறது. உங்கள் வாழ்க்கை அந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. ஆகவே 21-4138 படிவத்திலோ தனித்தாளிலோ ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒரு வாக்குமூலம் எழுதுங்கள். இதற்குச் செலவிடும் நேரம் வீண் போகாது. கண்ணால் கண்டதையும் உடலால் உணர்ந்ததையும் சொல்வதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை என்பதை நீதிமன்றங்கள் பலமுறை ஏற்றிருக்கின்றன. அந்தக் காலத்து மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் கூற்றை நம்பத்தகாதது என்று தள்ளிவிட முடியாது என்றும் 2006இல் ஒரு தீர்ப்பு வந்தது.

எப்படி எழுதுவது? “முதுகு எப்போதும் வலிக்கிறது” என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் மதிப்பீட்டு அலுவலர் அதை வைத்து, குறைபாட்டின் கடுமையைக் காட்டி இழப்பீட்டுத் தொகையை முடிவுசெய்யும் விழுக்காடு எதையும் தீர்மானிக்க முடியாது. “இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் எழுந்து நிற்கவேண்டியிருக்கிறது, மாதத்தில் மூன்று அல்லது நான்கு நாள் குனிந்து காலணி அணிய முடியாமல் மகன்தான் அணிவிக்கிறான், சென்ற ஆண்டு இதற்காகப் பதினொரு நாள் விடுப்பு எடுத்தேன்” என்பது அவருக்குப் பயன்படும். எத்தனை முறை, எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமை, அதனால் எதைச் செய்ய முடியவில்லை என்ற நான்கையும் ஒவ்வொரு வாக்குமூலமும் சொல்லவேண்டும். ஒற்றைத் தலைவலியை எடுத்துக்கொண்டால் இதன் அவசியம் நன்றாகப் புரியும். படுக்கையில் விழச்செய்யும் தலைவலி சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் 10 விழுக்காடு. மாதம் ஒருமுறை வந்தால் 30. மிக அடிக்கடி, நீண்ட நேரம் முற்றிலும் முடக்கி, பிழைப்பையே கடுமையாகப் பாதித்தால் 50. எத்தனை முறை வந்தது என்ற கணக்கை மூளை ஸ்கேன் சொல்லாது. நீங்கள் எழுதிவைத்த நாட்குறிப்புதான் சொல்லும். இன்றே ஒரு சிறு குறிப்பேட்டைத் தொடங்குங்கள்.

உங்கள் துன்பத்தைக் குறைத்தும் எழுதாதீர்கள், கூட்டியும் எழுதாதீர்கள். மிகைப்படுத்திய ஒரு வரி, உண்மையான ஒன்பது வரிகளின் மதிப்பையும் கெடுத்துவிடும். தேதி நினைவில்லை என்றால் “1991 கோடையில், பிரிவு குவைத்திலிருந்து திரும்பிய சில வாரங்களுக்குள்” என்று நினைவுள்ள அளவில் எழுதுங்கள். இல்லாத தேதியை ஊகித்து எழுதினால், அது பதிவேட்டோடு முரண்படும்போது பதில் சொல்ல முடியாது.

மனைவி, கணவர், பிள்ளைகள், உடன் பணியாற்றிய நண்பர் ஆகியோர் 21-10210 படிவத்தில் தங்கள் வாக்குமூலத்தைத் தரலாம். அவரவர் தாம் நேரில் கண்டதை மட்டும் எழுதட்டும். உடன் பணியாற்றியவர் அந்த நிகழ்வைப் பற்றியும், வீட்டில் இருப்பவர் அதற்கு முன்னும் பின்னும் கண்ட மாற்றத்தைப் பற்றியும் எழுதினால் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். எல்லாரும் ஒரே வாசகத்தை நகலெடுத்து எழுதுவதால் பயனில்லை.

மனக்காயங்கள்

போர் அதிர்ச்சிக்குப் பின்னான மன அழுத்த நோய், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான கோரிக்கையில் 21-0781 படிவத்தில் நிகழ்வுகளை விவரிக்கவேண்டும். இதை ஒரே அமர்வில் எழுதி முடிக்க முயலாதீர்கள். நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இருக்கும் வேளையில், பகலில், சிறிது சிறிதாக எழுதுங்கள். எழுதும்போது நினைவுகள் மேலெழுந்து தாங்கமுடியாமல் போனால், அமெரிக்காவில் இருப்பவர்கள் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான உதவியாளர் எந்நேரமும் பேசுவார். விண்ணப்பம் சில நாள் காத்திருக்கட்டும்.

நேரடிப் போரில் ஈடுபட்டவரின் கூற்று, அப்போரின் சூழலோடு பொருந்தி, அதற்கு மாறான தெளிவான சான்று இல்லாதவரை, பதிவேடு இல்லாமலே ஏற்கப்படலாம். எதிரித் தாக்குதலையோ பயங்கரவாதத் தாக்குதலையோ அஞ்சி வாழ்ந்த நிலையே நோய்க்குக் காரணம் என்று துறையின் மனநல மருத்துவரோ உளவியலாளரோ உறுதிசெய்தாலும் இதே தளர்வு உண்டு. 2010ஆம் ஆண்டிலிருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. பணிக்காலத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், பெண்களானாலும் ஆண்களானாலும், அப்போது புகார் கொடுக்கவில்லை என்பதால் பின்வாங்க வேண்டாம். திடீரென இடமாற்றம் கேட்டது, அதுவரை நன்றாக இருந்த பணித்திறன் சரிந்தது, அக்காலத்தில் செய்துகொண்ட மருத்துவச் சோதனைகள், ஒரு தோழியிடமோ மதகுருவிடமோ சொன்னது ஆகிய மறைமுக அடையாளங்களையும் துறை சான்றாகக் கருதவேண்டும். இவ்வாறு பாதிக்கப்பட்டவர்களுக்கான சிகிச்சையைத் துறை கட்டணமின்றி அளிக்கிறது. அதற்கு இழப்பீட்டுக் கோரிக்கை ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பரிசோதனை நாள்

விண்ணப்பம் சென்ற பிறகு பெரும்பாலோர் இழப்பீட்டுப் பரிசோதனைக்கு அழைக்கப்படுகிறார்கள். துறையின் மருத்துவரோ, துறை ஒப்பந்தம் செய்துள்ள நிறுவனத்தின் பரிசோதகரோ இதை நடத்துவார். இது சிகிச்சை அன்று. மருந்து எழுதமாட்டார், ஆறுதலும் சொல்லாமல் இருக்கலாம். சில வேளை பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பதினைந்து நிமிடம் ஆண்டுக்கணக்கான இழப்பீட்டைத் தீர்மானிக்கக்கூடும் என்பதால், முந்தைய நாள் உங்கள் வாக்குமூலத்தை மறுபடி படித்துவிட்டுப் போங்கள். வரமுடியாத நிலை ஏற்பட்டால் முன்கூட்டியே சொல்லித் தேதியை மாற்றுங்கள். காரணமின்றிப் போகாவிட்டால் கையில் இருக்கும் சான்றுகளை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடுவார்கள்.

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று பரிசோதகர் கேட்கும்போது “நன்றாக இருக்கிறேன்” என்று சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்த மரியாதைச் சொல் அறிக்கையில் ஏறிவிடும். உண்மை நிலையைச் சொல்லுங்கள். அன்று ஓரளவு நல்ல நாளாக இருந்தால், “இன்று பரவாயில்லை, ஆனால் மாதத்தில் ஆறு நாள் இப்படி இருக்காது, அந்த நாள்களில் இந்த அளவுக்கு மேல் மடக்க முடியாது” என்று விளக்குங்கள். வலி கூடும் நாள்களில் இயக்கம் எவ்வளவு குறைகிறது என்பதைப் பரிசோதகர் கேட்டறிந்து பதிவுசெய்ய வேண்டும் என்பது தீர்ப்புகளால் நிலைநாட்டப்பட்ட விதி. முழங்காலை மடக்கும் அளவைக் கோணமானியால் அளப்பார்கள்: 45 பாகைக்குள் நின்றுவிட்டால் 10 விழுக்காடு, 30 பாகையில் நின்றால் 20, 15 பாகையில் நின்றால் 30. வலி எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதும் மடக்கிக் காட்டினால், கோளாறே இல்லை என்ற அளவுதான் பதிவாகும். தடியோ முழங்கால் உறையோ வழக்கமாகப் பயன்படுத்துபவராக இருந்தால் அதோடு செல்லுங்கள். பயன்படுத்தாதவர் அன்றைக்காக மட்டும் எடுத்துச் செல்லக் கூடாது. வீடு திரும்பியதும் என்ன கேட்டார்கள், எதை அளந்தார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை எழுதிவையுங்கள்.

யாரிடம் உதவி கேட்பது

முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துத் தருவதற்குக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர்கூட, துறையின் முதல் முடிவு வந்த பிறகான பணிக்குத்தான் கட்டணம் பெறலாம். ஆகவே முன்பணம் கேட்பவரோ, கூடுதலாகக் கிடைக்கும் இழப்பீட்டில் சில மாதத் தொகையைத் தரவேண்டும் என்று ஒப்பந்தம் நீட்டுபவரோ வந்தால் கையெழுத்திடாதீர்கள். இப்படிப்பட்டவர்களிடம் ஏமாந்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. உரிமையாக இலவசமாகக் கிடைக்கும் உதவியை விலைக்கு விற்பது நேர்மையற்ற செயல். அமெரிக்கன் லீஜன், டிஏவி, விஎஃப்டபிள்யூ போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் சேவை அலுவலர்களும், பல மாவட்டங்களில் உள்ள அரசுச் சேவை அலுவலர்களும் கட்டணமின்றி உதவுகிறார்கள். 21-22 படிவத்தின் மூலம் அவர்களை உங்கள் பிரதிநிதியாக நியமிக்கலாம். ஒருவர் அங்கீகாரம் பெற்றவரா என்பதைத் துறையின் சட்ட அலுவலக இணையப் பட்டியலில் பெயரைத் தேடித் தெரிந்துகொள்ளலாம். நல்ல அலுவலர் உங்கள் பதிவுகளைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பார்; பார்க்காமலேயே படிவத்தை நிரப்புபவராக இருந்தால் வேறொருவரைத் தேடுங்கள். விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்புவதே நல்லது, பெற்றுக்கொண்ட தேதி உடனே தெரியும். அஞ்சலில் அனுப்புபவர்கள் ஒப்புகைச் சீட்டைப் பாதுகாத்து வையுங்கள்.

விழுக்காடும் முடிவுக் கடிதமும்

முடிவு வரும்போது பலரைக் குழப்புவது கூட்டுக் கணக்கு. ஒரு குறைபாட்டுக்கு 50, இன்னொன்றுக்கு 30 என்றால் மொத்தம் 80 ஆகாது. முழு உடல்திறனை 100 என்று கொண்டு அதில் 50 போனால் எஞ்சுவது 50. அந்த எஞ்சியதில் 30 விழுக்காடு 15. ஆக 65, அருகிலுள்ள பத்தின் மடங்காக 70. இதில் பிழை ஏதும் இல்லை, விதியே அப்படித்தான். 30 விழுக்காடும் அதற்கு மேலும் பெறுபவர்களுக்கு மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோருக்காகக் கூடுதல் தொகை உண்டு. அதற்கு 21-686 சி படிவத்தில் அவர்களைச் சேர்க்கவேண்டும். 0 விழுக்காடு என்று வந்த குறைபாட்டையும் தோல்வியாக எண்ணாதீர்கள். பணியோடு அதற்கு உள்ள தொடர்பு ஏற்கப்பட்டுவிட்டது என்பதே அதன் பொருள். பின்னாளில் மோசமானால் விழுக்காட்டை உயர்த்தக் கேட்டால் போதும், தொடர்பை மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை.

நிராகரிப்பு வந்தால் கடிதத்தை ஓரமாக வைத்துவிடாமல், கடித நாளிலிருந்து ஓராண்டு என்ற கெடுவை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் செயல்பட்டால் பழைய தொடக்கத் தேதியைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். 2019 பிப்ரவரியிலிருந்து மூன்று வழிகள் இருக்கின்றன. புதிய, பொருத்தமான சான்று கையில் இருந்தால் 20-0995 படிவத்தில் துணை விண்ணப்பம். சான்று போதுமானதாக இருந்தும் அதைத் தவறாகப் படித்திருக்கிறார்கள் என்றால் 20-0996 படிவத்தில் மூத்த அலுவலரின் மறு ஆய்வு, இதில் புதிய சான்று எதையும் சேர்க்க முடியாது. நீதிபதி முன் செல்ல விரும்பினால் 10182 படிவத்தில் மேல்முறையீட்டு வாரியம். எந்த வழி என்று முடிவுசெய்யும் முன், கடிதத்தில் உங்களுக்குச் சாதகமான கண்டறிதல்கள் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். நோயும் பணிக்கால நிகழ்வும் அங்கே ஏற்கப்பட்டிருந்தால், அவற்றை மீண்டும் நிரூபிக்க ஒரு நாளும் செலவிடவேண்டாம்; அறுந்திருப்பது நெக்ஸஸ் மட்டும்தான், உங்கள் மருத்துவரிடம் கேட்கவேண்டிய கடிதமும் அது ஒன்றுதான்.